வடிகாலுக்குள் ஒரு படிக்கட்டு

திருவொற்றியூரில், பெரிய தெருவிலிருந்து கிளம்பி பக்கிங்காம் கால்வாயில் போய் முடிகிற ஒரு நீளமான தெரு. மழைநீர் வடிகால் கட்டுவதற்காகத் தெரு நெடுகப் பள்ளம் தோண்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில், தண்ணீர் ஓட வேண்டிய தரையில், ஒரு படி. என் தொடை உயரத்துக்கு இருக்கும். படிக்குக் கீழே நான் நிற்கிறேன். கணுக்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. படிக்கு மேலே, எதிர் முனையிலிருந்து அளந்து வந்த எங்கள் ஆபீஸ் மோகன் நிற்கிறான், ஈரம் படாத ஷூவோடு.

தெருவில் நின்று குனிந்து பார்த்த மேஸ்திரி ஏகாம்பரம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? நாம கால்வா கட்டுறோமா, மாடிப்படி கட்டுறோமா?"

பள்ளத்தில் இருந்த வேலையாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். மோகனும் கொஞ்சம் சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் என் பக்கமிருந்து அவன் பக்கம் போய், அங்கிருந்து கால்வாயில் விழ வேண்டும். தண்ணீருக்குக் கால் கிடையாது, படியேறிப் போகாது.

சென்ற வாரம் பட்டா நிலங்களை அளந்து அடி வாங்கப் பார்த்த கதைகளைச் சொல்லியிருந்தேன். இந்த வாரம் நான் கையில் லெவல் மெஷினைப் பிடித்த முதல் வேலையைச் சொல்கிறேன். அது என் கையில் நிலைத்ததா இல்லையா என்பதுதான் கதை.

கயிற்றுக்கடைக்காரர் மகள்

லெவல் மெஷின் என்பது வேறொன்றுமில்லை. முக்காலியில் நிற்கும் ஒரு தொலைநோக்கி. அதன் வழியாகப் பார்த்தால் பார்வை நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். எதிரே ஒருவர் அளவு போட்ட நீளக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்கு ஸ்டாஃப் என்று பெயர். ஸ்டாஃபில் தெரிகிற எண்ணை வைத்து அந்த இடம் மேடா பள்ளமா என்று கணக்குப் போடலாம். உயரம் தெரிந்த ஒரு குறியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் குறிக்குப் பெஞ்ச் மார்க் என்று பெயர். எங்கள் தொழிலில் அதுதான் தாய்வீடு.

நான் டிப்ளமா முடித்து ராயபுரத்தில் ஒரு சின்ன சர்வே ஆபீசில் சேர்ந்தபோது என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளை வெயிலில் கறுத்துப் போய்விடுவாளாம். நான் பிறக்கும்போதே கறுப்பு. இதைச் சொல்லியும் தாமோதரன் சார் கேட்கவில்லை. அவர்தான் ஆபீசின் முதலாளி. நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர்.

என் அத்தாவுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக்கடை. படகுக்காரர்களுக்கு நைலான் கயிறு முழம் போட்டு விற்பார். நான் சர்வேக்குப் போகிறேன் என்றதும், "நா கயிறு அளந்தேன், நீ தரைய அளக்கப் போறியா? அளக்குற புத்தி நம்ம வூட்ட வுட்டுப் போவாது போலகீதே" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குப் பாதி பயம் போயிற்று.

முதலில் டேப் கொடுத்தார்கள். மணலியிலும் எண்ணூரிலும் அண்ணன் தம்பி சண்டை போட்ட மனைகளை எல்லாம் அளந்தேன். எல்லைக்கல்லைத் தேடிப் போனால் அது யாருடைய வீட்டுத் துணி துவைக்கும் கல்லாகவோ மாறியிருக்கும். கேட்டால், "இது எங்க தாத்தா காலத்துக் கல்லு" என்பார்கள். தாத்தா காலத்துக் கல்தான், ஆனால் தாத்தா அதை எங்கேயிருந்து பெயர்த்து வந்தார் என்பதுதான் வழக்கே.

லெவல் மெஷினுக்காக நான் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் இந்தத் திருவொற்றியூர் வடிகால் வேலை வந்தபோது ஆள் பற்றாக்குறை. பெரிய தெரு முனையிலிருந்து நான், கால்வாய் முனையிலிருந்து மோகன், நடுவில் சந்திக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மெஷினை என் கையில் கொடுக்கும்போது சார் பெற்ற பிள்ளையைக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தார்.

அமெரிக்காவிலும் நம்ம ஆள்தான்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா புதிதாக நாடான காலத்தில் அங்கே ஏரியிலிருந்து ஆற்றுக்கு நெடுந்தூரம் ஒரு கால்வாய் வெட்ட ஆசைப்பட்டார்கள். ஆசை இருந்தது, வெட்டத் தெரிந்த ஆள் இல்லை. பொறியியல் படித்தவர் என்று சொல்ல ஊரில் விரல் விட்டு எண்ணக்கூட ஆளில்லை. அப்போது யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? காட்டில் சங்கிலி இழுத்து நிலம் அளந்துகொண்டிருந்த சர்வேயர்களை. அவர்களில் சிலர் உள்ளூரில் நீதிபதிகள் வேறு. மனை அளந்தவர்கள், எல்லை வழக்கில் தீர்ப்பு சொன்னவர்கள், திடீரென்று கால்வாய் என்ஜினீயர் ஆனார்கள். அவர்களில் பலர் அதுவரை ஒரு கால்வாயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கே கால்வாய்க் கரைகளில் நடையாய் நடந்து பார்த்துவிட்டு வந்தாராம்.

இதைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பட்டா மனையில் திட்டு வாங்கியவள் வடிகாலுக்கு வந்தால் என்ன குறைந்துவிட்டது? அங்கேயும் நம்ம ஆள்தான்.

ஆனால் ஊர் அவர்களை உடனே நம்பவில்லை. மேட்டில் தண்ணீர் ஏறுமா என்று கேலி பேசினார்கள். அப்போது இரண்டு சர்வேயர்கள் வேறு வேறு வழியாக மட்டம் எடுத்துக்கொண்டு போய் ஓரிடத்தில் சந்தித்திருக்கிறார்கள். இருவர் கணக்குக்கும் நடுவில் மிகச் சொற்ப வித்தியாசம்தான் இருந்ததாம். அதற்குப் பிறகுதான் நம்பிக்கை வந்தது.

எங்களுக்கோ இருவர் கணக்குக்கும் நடுவில் ஒரு மாடிப்படியே முளைத்திருந்தது.

கூடம் கோணல்

மோகன் வியாசர்பாடிப் பையன். ஏரியா டீமில் கோல்கீப்பர். என்னைவிட ஒரு வருடம் முன்னால் ஆபீசில் சேர்ந்தவன். வேலை சுத்தம், வேகம் அதிகம். மட்டம் எடுப்பதில் அவனைக் குறை சொல்ல ஒருவரும் கிடையாது. அதனால் படியைப் பார்த்ததும் எல்லோருடைய கண்ணும் என் மேல் திரும்பியது.

மேஸ்திரிக்கு என் பக்கம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. என் கணக்குப்படி ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. அடியில் ஊற்று. மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே வேலை. மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஒரு வாடை, அதோடு சேற்று வாடையும் சேர்ந்து மதியச் சோறு இறங்காது. மோகன் பக்கத்தில் இடுப்பளவு தோண்டினால் போதும். காய்ந்த மண். அங்கே வேலையாட்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு தோண்டினார்கள்.

"மோகன் தம்பி கணக்குதான் கரீட்டு" என்றார் மேஸ்திரி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் பக்கம் நாலு லோடு மண்ணு போட்டு ரொப்பிடலாம்மா. மட்டம் ஒண்ணாயிடும். நாளைக்குக் கான்கிரீட்டு லாரி வருது."

"ரொப்பினா, நடுத்தெரு வூடெல்லாம் வடிகாலுக்குக் கீழ போயிடும் மேஸ்திரிண்ணே. மழ பேஞ்சா வடிகால் தண்ணி வூட்டுக்குள்ள வரும்."

"அத்த நீ சொல்ற. மோகன் தம்பி கணக்கு வேற சொல்லுதே."

மோகன் போனில் தாமோதரன் சாரைக் கூப்பிட்டான். சார் குரல் ஸ்பீக்கரில் வந்தது. பயந்த மனிதருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ரெண்டு பேரும் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிங்க. தப்பு யாருதோ அவங்க மெஷினை மத்தவங்ககிட்ட குடுத்துட்டு ஆபீசுக்கு வந்து உட்காருங்க. இனிமே ஃபீல்டு கிடையாது. நூர்ஜஹான், உனக்குத்தான்மா சொல்றேன்."

எனக்குத்தான் சொன்னார். விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பு. அழுதால் மேஸ்திரி முன்னால் அழ வேண்டும் என்பதால் அழவில்லை.

ரெண்டு பேரும் சரி

பெரிய தெருவில் ஒரு பழைய கருங்கல் கட்டடம். அதன் அடிப்பீடத்தில் வெட்டியிருந்த குறிதான் என் பெஞ்ச் மார்க். அங்கே திரும்பப் போய், தொடக்கத்திலிருந்து மட்டம் எடுத்துக்கொண்டு படி வரைக்கும் வந்தேன். பழைய கணக்கேதான் வந்தது.

மோகனும் தன் பக்கம் திரும்ப எடுத்தான். கால்வாய் முனையில் ரோஸ்லின் அக்கா என்பவருடைய வீடு. வாசற்படிக் கல்லின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடும் முக்கோணமும் இருக்கும். எங்கள் ஆபீஸ் ஆள் பாபு, இந்தத் தெருவை முதல்முறை அளந்தபோது கருங்கல் கட்டடத்திலிருந்து மட்டம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன குறி. பிறகு பாபு துபாய் போய்விட்டான். மோகன் அந்தக் குறியில் தொடங்கி, படி வரைக்கும் வந்து, திரும்ப அந்தக் குறியிலேயே கொண்டுபோய் முடித்தான். அவனுக்கும் கணக்குச் சரியாகவே வந்தது.

"என்னுது கரீட்டா கீது நூரு" என்றான். குரலில் ஜெயித்த தொனி இல்லை. பாவம் என்று பார்த்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"என்னுதும் கரெக்ட்டுதான்."

"ரெண்டு பேரும் கரீட்டுன்னா தெருதான் தப்பா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தொடங்கிய கல்லிலேயே கொண்டுபோய் முடித்தால் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். கல்லே பொய் சொன்னால் கணக்கும் கூடச் சேர்ந்து பொய் சொல்லும், நமக்குத் தெரியாது.

"என் கல்லுலேர்ந்து உன் கல்லு வரைக்கும் ஒரே ஓட்டமா எடுப்போம். நீ ஸ்டாஃப் புடி, நா பாக்குறேன்."

ஸ்டாஃபையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு சீனியர் எனக்காக ஸ்டாஃப் பிடிப்பதா என்று யோசித்திருக்கலாம். பிறகு ஸ்டாஃபை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

பாபு படியேற மாட்டான்

தெருவின் நீளத்துக்கும் நானும் மெஷினும், எனக்கு எதிரே மோகனும் ஸ்டாஃபும். வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இந்தத் தபாவாச்சும் தண்ணி போவுமா?" என்று கேட்டார். "போவும்மா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

கடைசியாக ரோஸ்லின் அக்கா வீடு வந்தது. குறி இருந்த கல்லில் ஸ்டாஃபை வைப்பதற்காக மோகன் ஒரு படி ஏறினான், இன்னொரு படி ஏறினான், மூன்றாவதும் ஏறினான். நான் தொலைநோக்கிக்குள் பார்த்து எண்ணைப் படித்தேன். கணக்குப் போட்டேன். கல் இருக்க வேண்டிய உயரத்தைவிட ஒரு தொடை அளவு அதிகமாக இருந்தது. நடுத்தெருப் படி எத்தனை உயரமோ அத்தனை.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மோகன் அந்த உயரத்தில் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் பாபு நினைவுக்கு வந்தான். பாபுவை எனக்குத் தெரியும். உலகமகா சோம்பேறி. மேசையிலிருந்து கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிய மாட்டான், வேறு பென்சில் எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் மூன்று படி ஏறிப்போய்ப் பெயிண்ட் அடித்திருப்பானா? நடக்காத காரியம். அவன் தெருவில் நின்றபடியே படியேறாமல் எட்டுகிற இடத்தில்தான் குறி போட்டிருப்பான்.

படிகளைப் பார்த்தேன். மேலே இருந்த வாசற்படிக் கல் தேய்ந்த பழைய கல். அதற்குக் கீழே இருந்த மூன்று படிகளும் புதுச் செங்கல், புதுப் பூச்சு.

வீட்டுக்குள்ளிருந்து ரோஸ்லின் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வாசலில் இட்லிக்கடை போடுகிறவர். "இன்னா பாப்பா, காலையிலேர்ந்து என் வூட்டையே மொறைச்சிகினு கீறீங்க?"

"அக்கா, இந்தப் படியெல்லாம் எப்ப கட்டினீங்க?"

"போன மழைக்கு அப்பாலதான். வருசா வருசம் கால்வா தண்ணி உள்ள பூந்து ஒரே பேஜாரு. கட்டில் மேல அடுப்பு வச்சி எத்தினி நாளு சமைக்கிறது? வூட்டுக்கு அடியில ஜாக்கி வச்சி அப்டியே தூக்கிட்டோம்ல." முகத்தில் பெருமை. "ஒரு செவுரு விரியல, தெரியுமா?"

மோகன் ஸ்டாஃபைப் பிடித்தபடியே குனிந்து காலடிப் படிகளைப் பார்த்தான்.

"வூட்ட தூக்கறப்ப இந்தச் சிவப்புக் குறி..." என்று இழுத்தேன்.

"ஐயோ, அத்த நா தொடவே வுடலியே!" என்றார் ரோஸ்லின் அக்கா. "கொத்தனாரு பூசி மறைக்கப் பாத்தான். இது சர்க்காரு குறி, கை வச்சா நாளைக்கு வூட்டையே இடிப்பானுங்கன்னு ஒரே கத்தா கத்திட்டேன். பிளாஸ்டிக் கவரு ஒட்டி வச்சில்ல காப்பாத்தினேன்! பாரு, எப்டி பளிச்சினு கீதுன்னு."

பளிச்சென்றுதான் இருந்தது. அப்படிப் பளிச்சென்று இருந்ததால்தான் மோகனும் நம்பினான். அந்தத் தெருவில் எங்கள் குறியை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்ட ஆள் வேறு யாருமில்லை. வீடு எழுந்தது, கல் எழுந்தது, குறியும் கூடவே எழுந்தது. அந்தக் குறியை நம்பி அவன் போட்ட வடிகாலும் எழுந்துவிட்டது.

எங்கள் முகத்தைப் பார்த்து ரோஸ்லின் அக்காவின் பெருமை மெல்லக் கரைந்தது. "நா வூட்ட தூக்கினதுல ஏதாச்சும் தப்பாயிடுச்சா பாப்பா? தெருவே என்னாலதான் தண்ணி வருதுன்னு ஏற்கெனவே ஏசிகினு கீது."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா" என்றான் மோகன். படியிலிருந்து இறங்கி வந்து போனை எடுத்தான்.

கோல் விட்டவன்

சாரிடம் முதலில் நான்தான் பேசினேன். அவனுக்கு முன்னால் முந்திக்கொண்டேன் என்பதே சரி.

"சார், பெஞ்ச் மார்க் மேல போயிடுச்சு."

"பெஞ்ச் மார்க் எப்படிம்மா மேல போகும்?"

"வீட்டோட சார்."

சொன்னேன். வீடு தூக்கியதை, பூசாமல் காத்த குறியை, எல்லாவற்றையும். யாருக்குத் தெரியும் சார், யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றும் சொன்னேன். ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் உள்ளே துள்ளியது உண்மை. அந்தச் சந்தோஷத்தோடு மோகன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சார் மனம் இறங்கி வருவதுபோல இருந்தது. அப்போது மோகன் என் கையிலிருந்த போனை வாங்கினான்.

"தப்பு என்னுதுதான் சார். இன்னொரு கல்லுல கொண்டு போயி முடிச்சிப் பாத்திருக்கணும். பாக்கல. கோல வுட்டுட்டு பந்து மேல பழி போடக்கூடாது."

சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பயந்த மனிதர்கள் அப்படித்தான், ஒருமுறை துணிந்து சொன்னதை மாற்ற மாட்டார்கள். மோகன் தன் மெஷினைப் பெட்டிக்குள் வைத்து, லென்சைக் கைக்குட்டையால் துடைத்து, மூடி என்னிடம் கொடுத்தான். "தூசி படாம வச்சிக்க" என்றான். பைக்கை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் வந்த கான்கிரீட் லாரியைத் திருப்பி அனுப்பினோம். மேஸ்திரி மோகன் பக்கத்துக் காய்ந்த மண்ணை மறுபடி தோண்ட ஆரம்பித்தார். தோண்டத் தோண்ட அங்கேயும் ஊற்று கிளம்பியது. "கலீஜ் புடிச்ச வேல" என்று என்னைப் பார்த்தே திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

எந்தப் பக்கம்?

மழை அந்த வருடம் கொஞ்சம் தாமதித்து வந்தது. வந்த முதல் நாளே நான் குடையோடு அந்தத் தெருவுக்குப் போனேன். தெரு முழுக்க வடிகாலின் திறந்த மூடிகளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் தேங்கிச் சுழன்றது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகவில்லை. என் உயிரும் என்னிடத்தில் இல்லை.

மோகனிடமிருந்து போன். "பெய்யுதா?"

"பெய்யுது."

"எந்தப் பக்கம் போவுது?"

நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிஸ்கட் கவர் சுழன்று சுழன்று, மெல்ல நகர்ந்து, பிறகு வேகம் பிடித்தது. "கால்வாய்ப் பக்கம்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஆபீசில் யாரோ டீ கேட்கிற சத்தமும் கேட்டது. ஆபீசின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் சாரிடம் போய் நின்றேன். மணலி புதுநகரில் பெரிய வடிகால் வேலை வந்திருந்தது. முழுவதையும் நானே செய்யலாம் என்றார்.

"முடியாது சார். எதிர் முனையிலேர்ந்து இன்னொருத்தர் மட்டம் எடுத்துக்கிட்டு வரணும். மோகன் மட்டம் வந்து இடிக்கலைன்னா, என் மட்டம் சரின்னு எனக்கே தெரிஞ்சிருக்காது."

"தப்பு பண்ணவனையே கேக்குறியே?"

"தப்பு பண்ணவர்தான் சார் வேணும்."

சார் மேசையில் விரலால் தட்டினார். பிறகு மோகனின் மெஷினை வைத்துப் பூட்டியிருந்த அலமாரியின் சாவியை எடுத்து நீட்டினார்.

மணலி புதுநகரில் முதல் நாள், ஆளுக்கொரு முனைக்குப் பிரிவதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து குறிகளைச் சரிபார்த்தோம். ஒரு வீட்டு வாசற்படியில் எங்கள் ஆபீஸ் குறி, சிவப்பு பெயிண்டில், அழகாக. நான் மெஷினை நிறுத்தி மட்டம் பார்த்து நிமிர்கிறேன், மோகனைக் காணவில்லை. ஸ்டாஃபைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

கதவைத் திறந்த அம்மாவிடம், "ஏம்மா, இந்த வூட்ட எப்பனா தூக்கினீங்களா?" என்றான்.

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ட எதுக்குப்பா தூக்குறோம்?"

"நல்லா யோசிச்சி சொல்லும்மா" என்றான் மோகன்.